வியாழன் பின்னேரப் பூட்டு

நிலக்கீழறையின் இரும்புக் கதவைத் தள்ளினால் முதலில் சூடான பஞ்சுத்தூசின் மணம் வரும், பிறகு ஈரச் சீமெந்தின் மணம், அதற்கும் பின்னால் நிலம் துடைக்கிற பச்சைச் சவர்க்காரத்தின் மணம். வெளியே முழங்காலளவு பனி கிடக்கும் மாசி மாதத்திலும் அந்த அறைக்குள் வெறுங்காலோடு நிற்கலாம். என் சின்ன வயதைப் பற்றி யாராவது கேட்டால் காடு, ஏரி, பனிச்சறுக்கு என்று சொல்ல வேண்டுமென்று எதிர்பார்க்கிறார்கள். அதெல்லாம் பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதிக் கொடுத்தாயிற்று. எனக்கு உண்மையில் ஞாபகம் இருப்பது உடுப்புத் தோய்க்கும் அந்த அறையும் அதன் சுவரில் தொங்கிய ஒரு பலகையும்தான்.

நாங்கள் இருந்தது ஹவுகன்ஸ்டுவாவில், ஒஸ்லோவின் கிழக்கு விளிம்பில், லில்லெஸ்ட்ரோமுக்குப் போகும் ரயில் பாதையோரம். நோர்வேக்காரர் இப்படியான இடத்தை ‘டிரபான்ட்பி’ என்பார்கள். நகரத்துக்கு வேலைக்குப் போய்வரும் சனத்துக்காக, தோட்டமும் வயலுமாகக் கிடந்த நிலத்தில் வரைபடம் கீறி ஒரே மூச்சில் கட்டிமுடித்த ஊர். கட்டினவர்கள் நன்றாகத்தான் யோசித்திருக்கிறார்கள். பிள்ளை வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போக ஒரு தெருவையும் கடக்கத் தேவையில்லை, கார் ஓடும் பாதைக்குக் கீழால் நடக்கிற பாதை போகும். எல்லா பல்கனியும் வெயில் விழும் பக்கம் பார்த்திருக்கும். குப்பையைப் போட ஒவ்வொரு மாடியிலும் ஓர் இரும்பு வாய், போட்டால் ஒன்பது மாடியும் தடதடத்துக்கொண்டு இறங்கும். எங்கள் சமையல் குசினி எங்கே இருந்ததோ அதே இடத்தில்தான் மேல் வீட்டுக் குசினியும், அதற்கு மேல் வீட்டுக் குசினியும் இருந்தன. என் கண்ணைக் கட்டி எவர் வீட்டில் விட்டாலும் கக்கூசுக்கு வழி கண்டுபிடிப்பேன்.

காலை ஐந்தரை ரயிலில் துப்புரவு வேலைக்காரர் போவார்கள், அப்பா அதில்தான். ஏழரை ரயிலில் மேசை வேலை செய்கிற கந்தோர் ஆட்கள் போவார்கள். அதற்குப் பிறகு ஊர் வெறுமையாகிவிடும். மிஞ்சுவது நாங்கள் பிள்ளைகள், பின்னேர வேலைக்குப் போகும் அம்மாமார், பென்சன் எடுத்த நோர்வேக் கிழவிகள். பேப்பரில் எங்கள் இடத்தைப் பற்றி எழுதினால் எப்போதும் ஒரே படம்தான், மழையில் நனைந்த சாம்பல் நிறக் கட்டடம். அசிங்கமான ஊர் என்று எழுதுகிறவர்கள் ஒருவரும் அங்கே ஒரு கிழமை இருந்து பார்த்தவர்கள் இல்லை. இருந்து பார்த்து, காசு சேர்த்து, லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிப் போன எங்கள் ஆட்களோ, ‘அங்கை முழுக்க வெளிநாட்டுக்காரர், பிள்ளையளை வளக்கேலாது’ என்பார்கள். இவர்கள் எந்த நாட்டுக்காரர் என்று நான் கேட்பதில்லை, நேரம் மிச்சம்.

இனிப் பலகைக்கு வருகிறேன். கட்டடத்தில் எங்கள் வாசலால் ஏறுகிற வீடுகள் பதினெட்டு, மாடிக்கு இரண்டு. தோய்க்கும் அறையில் இரண்டு மெசின், ஒரு காயவிடும் அறை. யார் எப்போது தோய்ப்பது என்பதற்கு அந்தப் பலகை. திங்கள் முதல் சனி வரை ஆறு நிரல், நாளுக்கு நான்கு நேரம், மொத்தம் இருபத்துநான்கு துளை. ஞாயிறு தோய்க்கக் கூடாது. வீட்டுக்கு ஒரு சின்னப் பித்தளைப் பூட்டு, பெருவிரல் அளவுதான் இருக்கும், அதன் முகத்தில் வீட்டு இலக்கம் வெட்டியிருக்கும். வேண்டிய நேரத்தின் துளையில் பூட்டைச் செருகித் திறப்பைத் திருப்பினால் அந்த நேரம் உன்னுடையது. உன் திறப்பில்லாமல் வேறு எந்த வீட்டாரும் அதை எடுக்க முடியாது. கட்டட நிர்வாகத் தலைவர் வீட்டுக்கும் ஒரு பூட்டு, சமூக உதவிப் பணத்தில் இருந்த குடிகாரனுக்கும் ஒரு பூட்டு. பூட்டில் பெயர் கிடையாது, இலக்கம் மட்டும்தான். எங்களுடையது பன்னிரண்டு.

அந்தப் பலகைக்கு ஒரு காவல்காரி இருந்தார். பெரித் என்று பெயர், இரண்டாம் மாடியில் தனியாக இருந்தவர், கட்டடம் திறந்த நாளிலிருந்து அங்கேதான். பிள்ளைகள் நாங்கள் ‘பூட்டுக் கிழவி’ என்போம். நேரம் முடிந்து ஐந்து நிமிடம் உன் உடுப்பு மெசினில் கிடந்தால் அவர் அதை எடுத்துக் கூடையில் வைத்து, அதன்மேல் ஒரு துண்டுத் தாளும் வைப்பார். கெட்டவர் இல்லை. வரிசை குழம்பினால் அவருக்குப் பொறுக்காது, அவ்வளவுதான். அம்மாவின் பெயர் மனோன்மணி என்பது அவருடைய வாயில் நுழையவில்லை, ‘மோனா’ என்று சுருக்கிவிட்டார். அம்மா அவரைப் ‘பெரித் அக்கா’ என்பார். அம்மா பேசும் நோர்வேஜியன் நாற்பது சொல், பெரித்துக்குத் தெரிந்த தமிழ் ‘அக்கா’ என்ற ஒரு சொல். இதை வைத்துக்கொண்டு இரண்டுபேரும் மணிக்கணக்காகக் கதைப்பார்கள்.

எங்கள் வாசலில் இன்னொரு தமிழ்க் குடும்பம் இருந்தது. ஏழாம் மாடி, சரோ அன்ரி வீடு. அவருடைய மகள் கௌரிக்கு என்னிலும் ஒரு வயது கூட. நாலு வருடம் நாங்கள் இரண்டு வீடும் ஒரு வீடு மாதிரி. அன்ரி எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்திருக்கிறார், அம்மாவின் மீன்குழம்பைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அவர்களுடைய காரில்தான் நானும் போவேன். அன்ரியின் புருஷன் துப்புரவுக் கொம்பனியில் மேற்பார்வை, அப்பாவுக்கு அந்த வேலையை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். இதெல்லாம் பிறகு நடந்ததற்கு முக்கியம், அதனால் சொல்கிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதான அந்த மாரிகாலத்தில் ஜேர்மனியிலிருந்து அன்ரியின் அக்கா வந்திருந்தார். எங்கள் வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வந்த மனுசி பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் ஊர் எது என்று கேட்டார். அம்மா ஊரைச் சொன்னார். எங்கள் ஆட்களுக்கு அது போதாது. ஊரில் எவடம், கோயிலுக்கு எந்தப் பக்கம், தெற்கு வீதியா வடக்கு வீதியா, எந்தக் கிணற்றடி. ஒவ்வொரு கேள்வியாக வட்டம் சுருங்கி வந்தது, அம்மாவும் ஒளிக்காமல் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசிக் கேள்விக்குப் பிறகு அந்த மனுசி பலகாரத்தை மெதுவாகத் தட்டில் திருப்பி வைத்தார். எனக்கு விளங்கவில்லை. பலகாரம் நல்லாயில்லையாக்கும் என்று நினைத்தேன்.

விளங்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஊரில் உடுப்புத் தோய்க்கிற வேலைக்கென்று ஒரு சாதியைக் குறித்து வைத்திருந்தார்கள். ஆளைக் ‘கட்டாடி’ என்பார்கள். ஒரு பெண் வயதுக்கு வந்து பெரியபிள்ளையானால் அன்றைக்கு அவள் உடுத்திருந்த உடுப்பைக் கட்டாடி வீட்டுப் பெண் வந்து எடுத்துப்போய்த் தோய்க்க வேண்டும். சடங்குக்கு வெள்ளைத் துணி கொண்டுவந்து விரிக்க வேண்டும். அதற்கு அரிசி, தேங்காய், ஒரு சேலை கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். இதற்குப் பெயர் ‘முறை’. அந்தச் சாதியில் பிறந்தாலும் அம்மாவின் அப்பா தபாற்கந்தோரில் வேலை செய்தவர், அம்மா தன் வீட்டில் ஒருவரும் அடுத்த வீட்டு உடுப்பைத் தொட்டுக் கண்டதே இல்லை. இதை நான் நியாயம் கேட்பதற்காகச் சொல்லவில்லை. தோய்த்திருந்தாலும் என்ன?

இரண்டு மாதம் கழித்துக் கௌரி பெரியபிள்ளையானாள். எனக்கு அதை அவள் சொல்லவில்லை, பள்ளிக்கூடம் வராததில் தெரிந்துகொண்டேன். அந்தக் கிழமை செவ்வாய் மத்தியானம் எங்களுடைய நேரம். அம்மா படுக்கை விரிப்புகளை மெசினில் போட்டுக்கொண்டிருந்தார், நான் காயவிடும் அறையில் காலுறைகளைச் சோடி சேர்த்துக்கொண்டிருந்தேன். சரோ அன்ரி வந்தார். அடுத்தவருடைய நேரத்தில் அந்த அறைக்குள் ஒருவரும் வருவதில்லை. வந்தவர் கையில் கடைப் பை ஒன்று இருந்தது, வாய் இறுக்கிக் கட்டியிருந்தது. அதைச் சுவரோரம் இருந்த மர வாங்கின் மேல் வைத்தார். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, மெசினைப் பார்த்துத்தான் கதைத்தார்.

“கௌரியின்ரை உடுப்பு. இஞ்சை இதுக்கு ஆக்கள் இல்லை எண்டு நினைச்சன். நீங்கள் இருக்கேக்கை நான் ஏன் வேறை ஆரையும் தேடவேணும்? முறைக்கு உள்ளதைத் தருவம்.”

நாலு வருடம் ‘மனோ’ என்று கூப்பிட்ட வாயில் அன்றைக்குப் பெயர் வரவில்லை. அம்மா மெசின் கதவைச் சாத்தி ஓடவிட்டார். கையைச் சட்டையில் துடைத்தார். பிறகு பலகையைக் காட்டினார்.

“உங்கடை பூட்டு வியாழன் பின்னேரம் கிடக்கு, சரோ. அஞ்சு மணிக்கு. மெசின் தண்ணியைத் தானே எடுக்கும், சவர்க்காரம் மட்டும் போட்டால் சரி.”

அவ்வளவுதான் சொன்னார். குரல் உயரவில்லை. பூட்டு விசயம் தெரியாத புது ஆளுக்கு விளங்கப்படுத்துகிற மாதிரித்தான் சொன்னார். அன்ரி பையை எடுக்காமல் போய்விட்டார். அம்மா பொறுமையாக யோசித்துப் பிறகு செய்வார் என்று நினைத்திருக்க வேண்டும். நாங்கள் விரிப்புகளைக் காயவிட்டு, நிலத்தைத் துடைத்து, லைட்டை நிறுத்திவிட்டு மேலே வந்தோம். பை வாங்கின்மேல் கிடந்தது.

அன்று பின்னேரம் அப்பாவுக்கு ரயில் நிலையத்தில் வைத்தே விசயம் போயிருந்தது. சப்பாத்தைக் கழற்றாமல் நடையில் நின்றே கதைத்தார். அப்பாவை நான் கோழை என்று பலகாலம் நினைத்திருந்தேன், இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். வேலை லிஸ்ட்டை எழுதுவது அன்ரியின் மனுசன், பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போவது அவர்களுடைய கார், இந்தக் குளிருக்குள் ஊரில் இருக்கிற ஆறு தமிழ்க் குடும்பத்தோடு பகைத்து எங்கே போவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு, “ஒருக்கால்தானே மனோ. மெசின்தானே தோய்க்கப்போகுது. நான் கொண்டுபோய்ப் போட்டுவிடுறன், நீ பாக்காதை” என்றார்.

அம்மா பருப்பு அரித்துக்கொண்டிருந்தார். “பையைத் தொட்ட கையோடை இந்த வீட்டுக்கை வராதேங்கோ” என்றார். அப்பா சப்பாத்தோடு பல்கனிக்குப் போய்க் கனநேரம் நின்றார். அடுத்த இரண்டு நாளும் தன் சாப்பாட்டைத் தானே போட்டுச் சாப்பிட்டார். எனக்கு இருந்த பயம் ஒன்றுதான்: அம்மா இளகிவிடுவாரோ என்று. இளகினால் நான் கௌரியோடு காரில் போகலாம் என்ற ஆசையும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தது. அதை இப்போது மறைத்து எழுதினால் பொய்.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் நான் கீழே இறங்கிப் பார்த்தேன். புதன்கிழமையும் பை அங்கேதான் இருந்தது. யாரோ அதை வாங்கின் ஓரத்துக்குத் தள்ளியிருந்தார்கள். வியாழன் பின்னேரம் ஐந்து மணிக்கு அன்ரியின் நேரம் வந்தது. அவர் இறங்கி வந்து, தன் வீட்டு மற்ற உடுப்பெல்லாம் போட்டுத் தோய்த்து எடுத்துக்கொண்டு, பையை மட்டும் அதே இடத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தார். யோசித்துப் பாருங்கள், இரண்டு மெசின் முன்னால் நின்றுகொண்டு பெற்ற மகளின் உடுப்பைத் தோய்க்காமல் போவதென்றால் எவ்வளவு பிடிவாதம் வேண்டும்.

வெள்ளிக்கிழமை பெரித்தின் நேரம். மூன்று நாளாக ஒரு பை வரிசையில்லாமல் கிடப்பதை அவர் எப்படிப் பொறுப்பார்? அவிழ்த்துப் பார்த்திருக்கிறார். பெண்பிள்ளையின் உடுப்பு, இரத்தக்கறை. யாரோ சின்னப் பிள்ளை வெட்கத்தில் ஒளித்துவைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று முடிவெடுத்துவிட்டார். சூடுதண்ணீர் பட்டால் கறை பிடித்துவிடும் என்று குளிர்தண்ணீரில் ஊறவைத்து, மாட்டுப் பித்தத்தில் செய்த சவர்க்காரக் கட்டி ஒன்று அந்தக் காலத்து நோர்வேக் கிழவிகள் எல்லாரிடமும் இருக்கும், அதைப் போட்டுக் கையாலேயே தேய்த்து, மெசினில் அலசி, காயவிட்டு, ஸ்திரிக்கையும் போட்டு மடித்துவிட்டார். சனிக்கிழமை காலை என்னைப் படியில் பிடித்து, இது உன்னுடையதா என்று காதோடு கேட்டார். நான் ஏழாம் மாடி என்றேன். மொழி தெரியாத வீடு, நீ கூட வா என்றார்.

கதவைத் திறந்த அன்ரி மடித்த உடுப்பைப் பார்த்தார், பெரித்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருடைய முகத்தில் கணக்கு ஓடியது எனக்குத் தெரிந்தது. பிறகு உள்ளே திரும்பி, ஜேர்மனி அக்காவுக்கு டெலிபோன் எடுத்துக் குசுகுசுத்தார். ஐந்து நிமிடம் நாங்கள் வாசலில் நின்றோம். வந்தபோது கையில் ஒரு தாம்பாளம் இருந்தது. அரிசி, தேங்காய், வெற்றிலை இல்லாததால் ஏதோ ஒரு பச்சை இலை, நீலக்கரை போட்ட ஒரு சேலை.

“உவவுக்குச் சொல்லு பிள்ளை,” என்றார் என்னிடம், “முறைக்குத் தாறம், வேண்டாம் எண்டு சொல்லக்கூடாது எண்டு.”

பெரித் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது எதற்கு என்று கேட்டார். பன்னிரண்டு வயதில் எனக்கு இரண்டு மொழியும் தெரிந்திருந்தது, முறை என்றால் என்ன என்பதும் அந்தக் கிழமையோடு தெரிந்துவிட்டது. நான் சொல்லியிருக்கலாம். நோர்வேஜியனில் அதைச் சொல்ல நாலு வசனம் போதும். நான் சொன்னது, “நீங்கள் நல்ல அயலவராம், அதற்காக ஒரு பரிசு” என்று. பெரித் அழுதுவிட்டார். இத்தனை வருடமாக இந்தக் கட்டடத்தில் இருக்கிறேன், ஒருவரும் எனக்கு இப்படி ஒன்று தந்ததில்லை என்றார். தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படியிறங்கினார். தேங்காய் உருளாமல் இருக்க நான் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். நான் பொய் சொன்னது அவருடைய மனம் நோகக்கூடாதென்றா, எனக்கே அதை வாயால் சொல்ல வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், வெட்கம்தான்.

அதே வேலை, அதே பை. அம்மா செய்திருந்தால் வாசலுக்கு வெளியே நிறுத்தியிருப்பார்கள். வெள்ளைக்காரி செய்ததால் அவரை மண்டபத்தில் முன்வரிசைக்குக் கூப்பிட்டார்கள். இதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்குத் தெரியாது.

அந்தச் சடங்குக்கு, சாமத்திய வீட்டுக்கு, எங்களுக்கு அழைப்பு வரவில்லை. ஆனால் சடங்கு நடந்த சனிக்கிழமை மத்தியானம் பெரித் எங்கள் கதவைத் தட்டினார். தடித்த கம்பளிச் சட்டைக்கு மேல் நீலக்கரைச் சேலையைச் சால்வை மாதிரிச் சுற்றி, குத்தூசி குத்தியிருந்தார். எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது, மோனா என்னோடு வரவேண்டும் என்றார். நான் மொழிபெயர்த்தேன். எங்களுக்குச் சொல்லவில்லை என்று சொல்லு என்றார் அப்பா. அம்மா கையைக் காட்டி அப்பாவை நிறுத்தினார். உள்ளே போய்க் கலியாணச் சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு வந்தார்.

மண்டபம் ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம். பனியில் அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே நீட்டுச் சப்பாத்தோடு நடந்தார். உள்ளே போனதும் ஒரு பக்கத்துச் சத்தம் குறைந்தது. சரோ அன்ரி வந்து பெரித்தின் கையைப் பிடித்தார். பெரித்தின் மற்றக் கை அம்மாவின் கையைப் பிடித்திருந்தது. மூன்றுபேரும் ஒரு சங்கிலி மாதிரி முன்வரிசைக்குப் போனதை வீடியோக்காரர் எடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ, ‘அவையும் வந்திருக்கினம்’ என்றார்கள். எனக்குக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டிருக்கும். கௌரி மேடையில் நகையும் பூவுமாகக் குனிந்திருந்தாள், என்னை ஒருதரம்தான் பார்த்தாள்.

பிறகு பலகாரத் தட்டு வந்தது. அன்ரியின் தம்பி கொண்டுவந்தார். முதல் ஆளுக்குக் கொடுத்தார், பெரித்துக்குக் கொடுத்தார், அடுத்திருந்த அம்மாவையும் என்னையும் தாண்டி அதற்கடுத்த ஆளிடம் நீட்டினார். வேண்டுமென்று செய்தது. பார்த்தவர்கள் எல்லாரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். அம்மா மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார், மடியில் இருந்த இரண்டு கையும் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருந்தன. அப்போது பெரித் எட்டித் தட்டின் விளிம்பைப் பிடித்தார். தோய்க்கும் அறையில் பேசுகிற அதே குரல்.

“இரண்டுபேரைத் தாண்டிவிட்டாய். வரிசை இங்கிருந்து போகிறது.”

நோர்வேஜியனில்தான் சொன்னார், நான் மொழிபெயர்க்கவில்லை. அந்த மண்டபத்தில் அந்த வசனம் விளங்காத ஆள் இல்லை. வேலையிடத்திலும் கடையிலும் கந்தோரிலும் எல்லாரும் கேட்டுப் பழகின வசனம். தம்பி தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். அம்மா ஒரு அரியதரம் எடுத்தார், அவசரப்படாமல், கையில் எண்ணெய் படாமல், முழுவதையும் தின்று முடித்தார். பெரித்துக்கு என்ன நடந்ததென்று கடைசிவரை தெரியாது. அவர் கண்டது ஒரு வரிசைப் பிழை, திருத்திவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எதிர்பார்த்ததுதான். அப்பாவின் பெயர் லிஸ்ட்டிலிருந்து மெல்ல மெல்லக் குறைந்து இல்லாமல் போனது. மூன்று மாதம் அலைந்து லில்லெஸ்ட்ரோமில் ஒரு பாண் பேக்கரியில் வேலை எடுத்தார். ஊர் முழுக்க நகரத்துக்குப் போகும் காலையில் அவர் எதிர்ப்பக்க மேடையில் நின்று வெறும் ரயிலில் போனார். ரயிலில் இருக்க இடம் கிடைக்கிறது என்றார். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். சரோ அன்ரி எங்களைக் கண்டால் லிஃப்டில் ஏறமாட்டார், ஏழு மாடியும் நடந்து ஏறினார். ஒரு வருடம் அப்படி ஏறி அவர் நன்றாக மெலிந்துபோனதாகப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். அம்மா அதைக் கேட்டு ஒருநாள் சிரித்தார். கௌரி என்னோடு பள்ளிக்கூடத்தில் நோர்வேஜியனில் கதைப்பாள், தமிழில் கதைக்கமாட்டாள்.

இரண்டு வருடத்தில் அவர்கள் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிப் போனார்கள். சாமான் லொறி போன அன்று அன்ரியின் பூட்டைக் கழற்றி நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டார்கள். பலகையில் வியாழன் ஐந்து மணித் துளை வெறுமையாக இருந்தது. அன்றைக்கே அம்மா கீழே இறங்கிப் போய், செவ்வாய் மத்தியானத்திலிருந்து எங்கள் பன்னிரண்டைக் கழற்றி அந்தத் துளையில் போட்டார். பின்னேரம் வசதி என்றார். அப்போது அம்மாவுக்குப் பின்னேர வேலை. வசதியே இல்லை. அதற்காக வேலை நேரத்தை மாற்றி எழுதிக் கேட்டார்.

இப்போது நான் லோறென்ஸ்கூக் பக்கம் பஸ் ஓட்டுகிறேன். சரோ அன்ரி சிலவேளை ஏறுவார், ஊன்றுபொல்லோடு. என்னைத் தெரியும், தெரியாத மாதிரி அட்டையைக் காட்டிவிட்டுப் போய்ச் சீட்டில் இருப்பார். இறங்கும்போது கதவைக் கொஞ்சம் கூட நேரம் திறந்து வைப்பேன். வயதானவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் வைப்பேன், அவருக்கென்று இல்லை. போன மாரியில் கௌரியின் மகளுக்குச் சாமத்திய வீடு. பெரிய மண்டபம், மேடைக்குப் புகை அடித்தார்களாம். எங்களுக்குக் கார்ட் வந்தது, எல்லாருக்கும் அனுப்பியிருப்பாள். இப்போது எல்லாரும் குளியலறையில் சொந்த மெசின் வைத்திருக்கிறார்கள், ஒருவருடைய அழுக்கை இன்னொருவர் பார்ப்பதில்லை. ஆனால் கலியாணம் பேசும்போது மட்டும், இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கே, கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். கோயிலை அந்தப் பிள்ளைகள் கண்டதுமில்லை.

பெரித் போய் ஒன்பது வருடமாகிறது. அவருடைய மருமகன் வீட்டைக் காலி செய்தபோது நீலக்கரைச் சேலை அலுமாரியில், துணிப்பையில், பூச்சி உருண்டையோடு மடித்திருந்தது. அம்மாவுக்கு வேண்டுமா என்று கேட்டார். அம்மா வேண்டாம் என்றார். உண்மையைப் பெரித்துக்கு நான் கடைசிவரை சொல்லவில்லை.

அம்மா இன்னும் ஆறாம் மாடியில்தான். நான் பக்கத்து வாசலில் வீடு வாங்கி, கட்டட நிர்வாகத்திலும் இருக்கிறேன், கேள்வி கேட்கிற ஆளைத்தான் இதற்குத் தெரிவு செய்வார்கள். சென்ற வருடம் மூன்றாம் மாடியில் புதிதாக வந்த சோடி முறைப்பாடு எழுதியிருந்தது. தரைவிரிப்புத் தோய்க்கப் பெரிய மெசின் வேண்டியிருக்கிறது, வேலை முடிந்து வர வியாழன் பின்னேரம்தான் வசதி, ஆனால் பன்னிரண்டாம் இலக்கம் அந்த நேரத்தை நிரந்தரமாகப் பிடித்து வைத்திருக்கிறது, அங்கே யாரும் தோய்த்ததை நாங்கள் கண்டதேயில்லை என்று. கடிதத்தை எனக்கு முன்னால்தான் வாசித்தார்கள். அம்மாவின் குளியலறையில் நான் மெசின் பூட்டிக் கொடுத்துப் பதினோரு வருடம்.

அன்றைக்கு வியாழன். ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தேன். தோய்க்கும் அறையில் லைட் எரிந்தது, மெசின் இரண்டும் சும்மா நின்றன. அம்மா வாங்கில் இருந்து பின்னல் பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போத்தலில் தேத்தண்ணி.

“அம்மா, நீங்கள் தோய்க்கிறேல்லைத்தானே. அந்தப் பொடியனுக்கு விட்டுக்குடுக்கலாமே.”

“வேறை நேரம் எவ்வளவோ கிடக்கு,” என்றார் அம்மா, பின்னலைப் பார்த்தபடி. “இது என்ரை.”

இந்த வைகாசியில் பொதுக்கூட்டத்தில் அறையை மூடிச் சைக்கிள் வைக்க விடுவதென்று முடிவானது. நானும் கை உயர்த்தினேன். கணக்குப் பார்த்தால் அதுதான் சரி, மெசின் பழசு, குழாய் ஒழுகுகிறது. பலகையைக் கழற்ற வந்தவன் எல்லாப் பூட்டையும் நிர்வாகத் திறப்பால் திறந்து ஒரு வாளியில் போட்டான். பன்னிரண்டுக்கு வந்ததும் அவனை நிறுத்தி, மேலே போய் அம்மாவைக் கூட்டி வந்தேன். அம்மா தன் திறப்பைக் கொண்டுவந்து, கண்ணாடி போட்டு, தானே திருகிக் கழற்றினார். வாளியில் போடவில்லை. நானும் கேட்கவில்லை. சுவரில் பலகை இருந்த இடத்தில் மட்டும் பழைய மஞ்சள் நிறம் சதுரமாகத் தெரிந்தது, அதன் முன்னால் இப்போது சைக்கிள்கள் நிற்கின்றன.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு அம்மாவுக்கு டெலிபோன் எடுத்தால் இன்றும் அவர் எடுப்பதில்லை. வேலை முடிந்து அந்த நேரம் வீட்டுக்குப் போனால் குளியலறையில் மெசின் ஓடிக்கொண்டிருக்கும், கதவு பூட்டியிருக்கும். தட்டினால், “என்ரை நேரம் முடியேல்லை” என்று உள்ளேயிருந்து குரல் வரும்.